காற்றில் போகாத 36 ஜிபி: ஒரு வயர்லெஸ் கார்டு ரீடரோடு நான்கு நாள்

நான்கு நாள் வெளிப்புற முகாம் ஒன்றைப் படமெடுத்துக் கொடுக்கும் வேலை. கேமரா, என்னோடு வேலை செய்யும் ஒரு தம்பியின் கையில். எடுத்ததைப் பத்திரப்படுத்துவது, பிரிப்பது, அன்றன்றைக்கு வேண்டிய படங்களை முகாம் நடத்துபவர்களிடம் கொடுப்பது எல்லாம் என் பொறுப்பு. நிறைய நடக்கவேண்டியிருந்ததால் லேப்டாப்பை விட்டுவிட்டுப் போனோம். அதற்குப் பதிலாகப் பையில் ஏறியது உள்ளங்கை அளவுள்ள ஒரு வயர்லெஸ் கார்டு ரீடர்.

முதல் இரவே அது எங்களைக் கைவிட்டது. நான்காம் நாளிலோ அது இல்லாமல் வேலை ஓடியிருக்காது. இடையில் பெட்டியில் ஒரு திருகாணியைக்கூட மாற்றவில்லை. அதனிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்பது எங்களுக்குப் பிடிபட்டது, அவ்வளவுதான். அது எப்படிப் பிடிபட்டது என்பதை நாள்வாரியாகவும் எண்களோடும் இங்கே எழுதுகிறேன்.

கையில் இருந்தவை

பெட்டியின் ஒரு பக்கம் எஸ்டி கார்டு நுழையும் வாய். மறுபக்கம் யுஎஸ்பி 2.0 போர்ட். உள்ளே 6000 எம்ஏஎச் பேட்டரி. ஆன் செய்தால் தானே ஒரு வைஃபை நெட்வொர்க்கைக் கிளப்பும். போனோ டேப்லெட்டோ அதில் சேர்ந்துகொண்டு கார்டில் இருப்பதைப் பார்க்கலாம், இறக்கிக்கொள்ளலாம். வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும், 802.11என் என்ற பழைய தலைமுறை, ஒற்றை ஆன்டெனா. இந்த வகைப் பெட்டிகள் பலவற்றைத் திறந்து பார்த்தால் லினக்ஸில் ஓடும் ஒரு குட்டி ரவுட்டர்தான் இருக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டால் அதன் கோணல்களில் பாதி தானாகவே புரிந்துவிடும்.

கேமரா 24 மெகாபிக்சல். ரா (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் மூலப் படம்), ஜேபெக் இரண்டையும் சேர்த்தே எழுதும்படி வைத்திருந்தோம். ஒரு ரா சராசரியாக 26 எம்பி, ஜேபெக் 9 எம்பி. 64 ஜிபி கார்டுகள் இரண்டு. என் போனில் காலி இடம் 22 ஜிபி. இவை போக ஒரு போர்ட்டபிள் ஹார்டு டிஸ்க், ஒரு சின்ன எஸ்எஸ்டி, ஒரு 128 ஜிபி பென்டிரைவ். கடைசி மூன்றும் "எதற்கும் இருக்கட்டும்" என்று பையில் விழுந்தவை. வேலையைக் காப்பாற்றியது அவற்றில் ஒன்றுதான்.

முதல் இரவு

முதல் நாள் 906 ஷாட், மூன்று சிறிய வீடியோ. மொத்தம் 1,815 ஃபைல், கிட்டத்தட்ட 36 ஜிபி. இரவு 10:05க்குக் கார்டைப் பெட்டியில் செருகி, போனைப் பெட்டியின் வைஃபையில் இணைத்து, பெட்டியோடு வந்த ஆப்பில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, "இறக்கு" என்று தட்டிவிட்டுத் தூங்கப் போனேன்.

காலையில் பார்த்தால் 431 ஃபைல். கடைசி ஃபைல் வந்துசேர்ந்த நேரம் 10:41. அதாவது 36 நிமிடம் ஓடிவிட்டு, மிச்ச இரவு முழுக்கச் சும்மா கிடந்திருக்கிறது. பெட்டியின் பேட்டரி மட்டும் விடிய விடிய எரிந்து ஒற்றைக் கோட்டில் நின்றது.

தம்பி எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, எல்லாம் வந்துருச்சா? கார்டை ஃபார்மட் அடிச்சிரட்டுமா?"

"பொறு தம்பி. கால்வாசிகூட வரல."

நல்லவேளை, இரண்டாவது கார்டு இருந்தது. அதைக் கேமராவில் போட்டு அவரை அனுப்பிவிட்டு, என்ன நடந்தது என்று பார்க்க உட்கார்ந்தேன்.

மூன்று காரணம் கிடைத்தது. முதலாவது, படிக்கும்போதே சிரிப்பு வரும்: 36 ஜிபி-யை 22 ஜிபி காலி இடத்தில் கொட்டப் பார்த்திருக்கிறேன். எல்லாம் ஒழுங்காக ஓடியிருந்தாலும் பாதி தாண்டியதும் நின்றிருக்கும். இதற்குப் பெட்டி என்ன செய்யும்?

இரண்டாவது, போனின் புத்திசாலித்தனம். பெட்டி தரும் வைஃபையில் இணையம் கிடையாது. ஆண்ட்ராய்டு அதைக் கண்டுபிடித்து, "இந்த நெட்வொர்க்கில் இணையம் இல்லை, அப்படியே இருக்கட்டுமா?" என்று ஒரு தகவல் காட்டும். கவனிக்காமல் விட்டால் சில போன்கள் தாங்களாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். ஆப் அப்புறம் பெட்டியைத் தேடிக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது, திரை அணைந்ததும் பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று பின்னணியில் ஓடும் ஆப்பைப் போன் உறங்கவைப்பது. எங்கள் இரவைக் குடித்தது இவை இரண்டில் எது என்று பிரித்துப் பார்க்கவில்லை. இரண்டுக்கும் சேர்த்தே வைத்தியம் செய்தேன்: மொபைல் டேட்டா ஆஃப், அந்த வைஃபைக்கு "இணையம் இல்லாவிட்டாலும் இணைந்திரு" என்ற சம்மதம், பேட்டரி சிக்கனப் பட்டியலிலிருந்து ஆப்புக்கு விலக்கு. டேப்லெட்டில் வேறொரு பூட்டு இருந்தது. ஐஓஎஸ் 14 வந்த 2020-இலிருந்து, உள் நெட்வொர்க்கில் இருக்கும் கருவிகளை ஓர் ஆப் தொடவேண்டுமென்றால் தனி அனுமதி வேண்டும். முதல்முறை கேட்கும்போது அவசரத்தில் "வேண்டாம்" என்று தட்டியிருந்தால், ஆப்புக்குப் பெட்டி கண்ணிலேயே படாது. செட்டிங்ஸில் போய்த்தான் திறந்துவிட வேண்டும்.

1,040 எம்பி-யை வைத்து ஒரு சோதனை

இவ்வளவும் சரிசெய்த பிறகும் ஒரு சந்தேகம் ஒட்டிக்கொண்டிருந்தது. 36 நிமிடத்தில் 431 ஃபைல் என்றால் வேகம் என்ன? ஏறக்குறைய 7.5 ஜிபி, நொடிக்கு 3.5 எம்பி. அந்தக் கணக்கில் மொத்தமும் வர ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகியிருக்கும், எங்குமே தடங்கல் இல்லாமல் இருந்தால்கூட.

40 ரா ஃபைலை எடுத்தேன், மொத்தம் 1,040 எம்பி. அதையே நான்கு வழியில் நகலெடுத்துக் கடிகாரம் பார்த்தேன். பெட்டியும் போனும் ஒரே மேசையில் இருக்கும்போது வைஃபையில் 4 நிமிடம் 50 நொடி. பெட்டி பக்கத்து அறையில், நடுவே ஒரு சுவர் என்றால் ஒன்பதரை நிமிடம். போனைத் தொடாமல், பெட்டியில் செருகிய கார்டிலிருந்து அதன் யுஎஸ்பி போர்ட்டில் மாட்டிய எஸ்எஸ்டிக்கு நேராக: 1 நிமிடம் 28 நொடி. கடைசியாக, தம்பியின் பையில் கிடந்த சாதாரண ஓடிஜி (போனின் சார்ஜ் போர்ட்டில் மாட்டும்) கார்டு ரீடரைப் போனில் நேரடியாகச் செருகியபோது 35 நொடி.

அதாவது நொடிக்கு 3.6, 1.8, 11.8, 30 எம்பி.

கடைசி எண்ணைப் பார்த்ததும் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ஒருவர், ஒரு போன், ஒரு கார்டு, போனில் இடமும் இருக்கிறது என்றால் விரல் அளவு ஒயர் ரீடரே போதும். ஐபோன், ஐபேடிலும் 2019-இல் ஐஓஎஸ் 13 வந்ததிலிருந்து ஃபைல்ஸ் ஆப் வெளி டிரைவுகளை நேரடியாகத் திறக்கிறது. அப்படிப்பட்டவர் வயர்லெஸ் பெட்டி வாங்கினால் காசுக்குக் கேடு என்பது என் கருத்து. எங்கள் நிலைமை வேறு. கார்டை எஸ்எஸ்டிக்கு மாற்றவேண்டும், லேப்டாப் இல்லை; ஒரே நேரத்தில் மூன்று நான்கு பேர் படங்களைப் பார்க்கவேண்டும்; போனின் ஒற்றைப் போர்ட் சார்ஜுக்கும் வேண்டும்.

வைஃபை ஏன் இவ்வளவு இழுக்கிறது? பெட்டியின் அட்டையில் 150 மெகாபிட் என்று போட்டிருக்கும். 802.11என்-இல் ஒற்றை ஆன்டெனாவுக்கு 150 கிடைப்பது 40 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை அகலத்தில். வழக்கமான 20 மெகாஹெர்ட்ஸில் உச்சம் 72 மெகாபிட். மெகாபிட்டை எட்டால் வகுத்தால் நொடிக்கு 9 எம்பி. அதில் கிட்டத்தட்ட பாதி, ஒவ்வொரு துண்டும் போய்ச் சேர்ந்ததா என்று இரு பக்கமும் பேசிக்கொள்வதிலேயே கரைந்துவிடும். எஞ்சியதில் பெட்டிக்குள் இருக்கும் சின்ன பிராசஸர் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். 3.6 என்பது கோளாறு அல்ல, அந்தப் பெட்டியின் இயல்பு. யுஹெச்எஸ்-2 என்ற அதிவேகக் கார்டு வாங்கினாலும் ஒரு எம்பிகூட ஏறாது; கார்டு நொடிக்கு 100 எம்பி கொடுக்கத் தயாராக இருந்தாலும் வாங்கிக்கொள்ளும் வாய் அவ்வளவுதான். 5 கிகாஹெர்ட்ஸும் அடுத்த தலைமுறையான 802.11ஏசியும் உள்ள பெட்டிகளில் ஒற்றை ஆன்டெனாவுக்கே 433 மெகாபிட் வரை இணைப்பு கிடைக்கும். புதிதாக வாங்குபவர் அந்த ஒன்றை மட்டும் விடாமல் பார்க்கவேண்டும்.

எங்கள் பெட்டியில் செய்ய முடிந்தது இரண்டு. செட்டிங்ஸ் பக்கத்தில் வைஃபை சேனல் 4 என்று வந்தபடியே இருந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11. நாலில் உட்கார்ந்தால் ஒன்றின் இரைச்சலும் காதில் விழும், ஆறின் இரைச்சலும் விழும். முகாம் கட்டிடத்தில் இருந்த வைஃபைகள் பெரும்பாலும் 1, 6-இல் நெருக்கிக்கொண்டிருந்தன; பெட்டியை 11-க்கு மாற்றினேன். அப்புறம் பெட்டியை ஹார்டு டிஸ்க், ட்ரைபாட் தலை இவற்றோடு உலோகக் குவியலுக்குள் வைத்திருந்த பையிலிருந்து எடுத்து மேசைமேல் நிறுத்தினேன். அதே 40 ஃபைல், 3 நிமிடம் 45 நொடி. நொடிக்கு 4.6. அதற்குமேல் ஏறவில்லை. 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்தையும் போட்டுப் பார்த்தேன். சுற்றிலும் வைஃபை நெருக்கமாக இருந்த அந்த இடத்தில் வேகம் ஏறுவதும் விழுவதுமாக இருந்ததால் பழையபடியே விட்டுவிட்டேன். ஆளில்லாத வெட்டவெளியில் அது உதவக்கூடும்.

வேலையைப் பிரித்தது

எண்களைப் பார்த்ததும் முடிவு தானாக வந்துவிட்டது. கனமான நகல் எல்லாம் கார்டிலிருந்து எஸ்எஸ்டிக்கு, பெட்டிக்குள்ளேயே. காற்றில் போவது பார்க்கவும் பொறுக்கவும் மட்டும். பொறுக்கிய படத்தின் ஜேபெக் மட்டும் போனுக்கு. 9 எம்பி ஜேபெக் ஒன்று இரண்டு நொடியில் வந்துவிடும். 40 படம் என்றால் ஒன்றரை நிமிடத்துக்குள். ராவைப் போனுக்கு இறக்கவே இல்லை. இறக்கி என்ன செய்யப்போகிறோம்?

இதில் முதலில் மாட்டியது ஹார்டு டிஸ்க். செருகியதும் டிக், டிக் என்று சத்தம் போட்டது, சுழலவில்லை. யுஎஸ்பி 2.0 தரப்படி ஒரு போர்ட் தரவேண்டியது 500 மில்லி ஆம்பியர். சுழலும் தட்டுள்ள டிஸ்க் கிளம்பும் நொடியில் அதைவிட அதிகமாக இழுக்கும். பெட்டியால் கொடுக்க முடியவில்லை. அந்தச் சத்தம் கேட்டால் உடனே கழற்றிவிடுங்கள். விட்டுவைத்தால் டிஸ்க்குக்குத்தான் ஆபத்து. சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டது.

நகல் ஓடும்போது இன்னொரு விஷயம் கண்ணில் பட்டது. போனில் ஆப்பைத் திறந்து 906 படத்தையும் சதுரம் சதுரமாக உருட்டிப் பார்த்தால், எஸ்எஸ்டிக்குப் போகும் நகல் தவழ ஆரம்பித்தது. ஜேபெக்குக்குள்ளேயே கடுகளவு முன்னோட்டப் படம் ஒன்று இருக்கும். ஆப் அதை மட்டும் கேட்டிருக்கலாம். எங்கள் ஆப் ஒவ்வொரு சதுரத்துக்கும் முழு ஃபைலையும் இழுத்தது. ஆக, நகல் ஓடும்போது ஆப்பை மூடிவிடுவது, பார்க்கும்போது சதுரங்களை விட்டு வெறும் பெயர்ப் பட்டியலாகப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம். தம்பியும் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் கேமராவில் புது ஃபோல்டர் போட்டுக்கொண்டார். 900 படத்தில் தேடுவதற்கும் 120 படத்தில் தேடுவதற்கும் உள்ள வித்தியாசம் பெட்டியின் வேகத்தில் நன்றாகவே தெரியும்.

பன்னிரண்டு நிமிட அதிசயம்

இரண்டாம் நாள் 980 ஷாட், ஒரு நீள வீடியோ 5.8 ஜிபி. மொத்தம் 40 ஜிபி. நொடிக்கு 11.8 என்றால் ஒரு மணி நேரத்துக்கு மூன்று நிமிடம் குறைவு. கார்டைச் செருகி, எஸ்எஸ்டியில் முந்தைய நாளின் அதே ஃபோல்டரைக் காட்டி, நகலைத் தொடங்கினேன். 12 நிமிடத்தில் "முடிந்தது" என்று பச்சை டிக் வந்து நின்றது.

வேகமாக முடிந்துவிட்டதே என்று சந்தோஷப்படத்தான் தோன்றும். பகல் முழுக்கக் கடிகாரமும் கையுமாக உட்கார்ந்திருந்ததால் எனக்கு வயிற்றைக் கலக்கியது. எண்ணிப் பார்த்தேன். வீடியோ வந்திருந்தது, 70 சொச்சம் ஷாட் வந்திருந்தது, மற்றவை இல்லை.

காரணம் பெயர். படங்களுக்குப் பெயர் வைக்கக் கேமராக்கள் பின்பற்றும் டிசிஎஃப் என்ற பொது விதிப்படி ஃபைல் பெயர் நான்கு எழுத்தும் நான்கு இலக்கமும். எண் 0001-இல் தொடங்கி 9999-இல் முடியும். ஃபோல்டர் எண் 100 முதல் 999 வரை. கேமராவில் எண் வரிசை "கார்டு மாறினால் முதலிலிருந்து" என்று இருந்திருக்கிறது. இரண்டாம் கார்டிலும் ஐஎம்ஜி_0001 என்றே ஆரம்பித்துவிட்டது. எஸ்எஸ்டியில் அதே பெயரில் முதல் நாள் படங்கள் கிடந்ததால், "இது ஏற்கெனவே இருக்கிறது" என்று பெட்டி ஒவ்வொன்றாகத் தாண்டிப் போய்விட்டது. எண் 906-ஐக் கடந்தவை மட்டும் புதிதாகத் தெரிந்திருக்கின்றன. இதிலும் ஓர் அதிர்ஷ்டம்: தாண்டுவதற்குப் பதில் மேலெழுதும் பெட்டியாக இருந்திருந்தால் முதல் நாள் நகல் போயே போயிருக்கும்.

அன்றிலிருந்து கார்டுக்கு ஒரு ஃபோல்டர், நாளுக்கு ஒரு பெயர்: "நாள்2_கார்டு2" என்று. கேமராவில் எண் வரிசையைத் "தொடர்ச்சி" என்று மாற்றினோம். மறுபடி நகலெடுத்தபோது 58 நிமிடம் ஆனது. அந்த 58-ஐப் பார்த்த பிறகுதான் தூக்கம் வந்தது.

அத்தோடு சரிபார்க்கும் சடங்கு ஒன்றும் உருவானது. ஃபைல் எண்ணிக்கை இரு பக்கமும் ஒன்றா, மொத்த அளவு ஒன்றா, கடைசி ஃபைல் திறக்கிறதா, நடுவில் கண்ட இடத்தில் ஐந்து ரா திறக்கிறதா. நான்கும் சரியானால்தான் கார்டு தம்பியிடம் போகும். அவர் அதைக் கேமராவில்தான் ஃபார்மட் செய்வார். பெட்டியின் ஆப்பிலிருந்து அழிக்கும் வசதி இருந்தும் நாங்கள் அதைத் தொட்டதே இல்லை. பெட்டியில் செருகும் முன் கார்டின் பக்கத்தில் இருக்கும் பூட்டுப் பொத்தானைக் கீழே தள்ளிவிடுவதும் பழகிப்போனது. அது வெறும் பிளாஸ்டிக் நகர்வுதான், கார்டுக்குள் எதையும் பூட்டாது. அது எங்கே நிற்கிறது என்று பார்த்து எழுதாமல் இருப்பது ரீடரின் பொறுப்பு. எங்கள் பெட்டி மதித்தது. உங்களுடையது மதிக்கிறதா என்று வேண்டாத கார்டு ஒன்றில் சோதித்துவிடுங்கள்.

பென்டிரைவும் 4 ஜிபி சுவரும்

ஒரே ஒரு நகல் நகலே இல்லை என்பதால் இரண்டாவது பிரதியைப் பென்டிரைவில் எடுத்தோம். படங்கள் போயின. 5.8 ஜிபி வீடியோ பாதிக்குமேல் போய்ப் பிழை காட்டி நின்றது. திரும்பச் செய்தாலும் அதே இடம்.

பென்டிரைவ் ஃபேட்32 என்ற பழைய ஃபைல் அமைப்பில் ஃபார்மட் ஆகியிருந்தது. அதில் ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல் இருக்க முடியாது. கார்டில் எப்படி இருந்தது? 32 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டிஎக்ஸ்சி கார்டுகள், அந்தத் தரம் 2009-இல் வந்ததிலிருந்தே எக்ஸ்ஃபேட் என்ற புதிய ஃபைல் அமைப்பில்தான் வருகின்றன. அதில் அந்தச் சுவர் கிடையாது. பென்டிரைவில் இருந்ததை எஸ்எஸ்டியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அதையும் எக்ஸ்ஃபேட்டாக மாற்றினோம், வீடியோ போனது.

இங்கே பழைய பெட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எக்ஸ்ஃபேட் மைக்ரோசாஃப்ட்டின் சொத்து, 2006-இல் வந்தது. அதன் முழு விவரத்தை அவர்கள் வெளியிட்டது 2019-இல்தான். லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் அது நுழைந்ததும் அந்த ஆண்டுதான். அதற்கு முன் பெட்டி செய்தவர்கள் உரிமம் வாங்கிச் சேர்த்திருக்கவேண்டும். சேர்க்காத பெட்டியில் 64 ஜிபி கார்டைப் போட்டால் "கார்டு இல்லை" என்று சாதிக்கும். கார்டு கெட்டுவிட்டது என்று பயந்து ஃபார்மட் செய்யப் போகாதீர்கள். கிளம்பும் முன் வீட்டிலேயே, கொண்டுபோகப்போகும் அதே கார்டு, அதே டிரைவோடு ஒருமுறை முழு நகல் எடுத்துப் பார்ப்பது ஒன்றே வழி. நாங்கள் செய்யவில்லை, அதனால்தான் இவ்வளவு எழுத விஷயம் கிடைத்தது.

பென்டிரைவின் வேகம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதல் சில ஜிபி நன்றாகப் போகும், அப்புறம் பாதியாக விழும். இரவில் ஓடவிட்டுவிட்டோம்.

வீடியோ பார்ப்பது

முகாம்காரர்கள் அன்றைய வீடியோவை டேப்லெட்டில் பார்க்க ஆசைப்பட்டார்கள். ஐந்து நொடி ஓடும், மூன்று நொடி நிற்கும். கணக்கு எளிது. 4.6 எம்பி என்பது 37 மெகாபிட். கேமராவின் 1080பி வீடியோ 50 மெகாபிட்டில் எழுதப்பட்டிருந்தது, 4கே 100. குழாயைவிடத் தண்ணீர் அதிகம். பெட்டி வீடியோவைச் சுருக்கி அனுப்பாது, அதற்கான பலம் அந்தக் குட்டி பிராசஸருக்குக் கிடையாது. கார்டில் இருப்பதை இருப்பதுபோலத் தள்ளும். கேமராவில் அடுத்த குறைந்த தரம் 28 மெகாபிட். மூன்றாம் நாள் சாதாரணக் காட்சிகளை அதில் எடுத்தோம், ஒருவர் பார்த்தால் தடையில்லாமல் ஓடியது. இருவர் பார்த்தால் பழைய கதை. ஏற்கெனவே சுருக்கப்பட்ட, 5 மெகாபிட் அளவிலான வீடியோ என்றால் நாலு பேர் நாலு இடத்தில் பார்க்கலாம், அதையும் சோதித்தோம்.

ஒரு கிளிப் மட்டும் சத்தம் வந்தது, படம் கறுப்பு. அதற்குப் பெட்டியைக் குறை சொல்லக்கூடாது. அது 10 பிட் ஹெச்இவிசி என்ற முறையில் சுருக்கப்பட்ட வீடியோ. அந்த டேப்லெட்டுக்கு அதைப் பிரிக்கத் தெரியவில்லை.

தெரியாத ஒரு போன்

இரண்டாம் நாள் மாலை பெட்டியின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தபோது, இணைந்திருக்கும் கருவிகள் பட்டியலில் என் போன், டேப்லெட், அப்புறம் யாருடையது என்றே தெரியாத இன்னொன்று. பெட்டியின் வைஃபைக்குப் பாஸ்வேர்டே போட்டிருக்கவில்லை. வாங்கும்போது அப்படித்தான் வந்தது, நானும் அப்படியே விட்டிருந்தேன். செட்டிங்ஸுக்கான பாஸ்வேர்டும் காலி. அந்த ஆள் அனேகமாக "இலவச வைஃபை" என்று நினைத்துச் சேர்ந்திருப்பார். ஆனால் சேர்ந்தவர் கார்டில் இருக்கும் எதையும் பார்க்கலாம், நினைத்தால் அழிக்கலாம்.

டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பூட்டு, 14 எழுத்துப் பாஸ்வேர்டு, அட்மினுக்கு வேறொன்று. இரண்டு நிமிட வேலை. இந்த வகைக் கருவிகளில் பாதுகாப்பு கொஞ்சம் அசட்டையாகவே இருந்துவந்திருக்கிறது. 2015-இல் சீகேட்டின் வயர்லெஸ் டிரைவுகள் சிலவற்றில், ஆவணத்தில் சொல்லப்படாத டெல்நெட் வாசல் (தொலைவிலிருந்து உள்ளே நுழையும் வழி) ஒன்று ஆலைப் பாஸ்வேர்டோடு திறந்திருந்தது தெரியவந்து, கருவிக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரில் அடைத்தார்கள். எனவே ஃபர்ம்வேர் புதுப்பிப்பை வீட்டில், பேட்டரி நிறைந்திருக்கும்போது, கார்டை வெளியே எடுத்துவிட்டுச் செய்துவிடுவது நல்லது. வேலை நடக்கும் இடத்தில் வேண்டவே வேண்டாம்.

பெட்டியைக் கட்டிடத்தின் வைஃபையோடு இணைத்து, அதன் வழியாகப் போனுக்கு இணையமும் கிடைக்கும்படி வைக்கலாம். படங்களை அனுப்பும் அரை மணி நேரம் மட்டும் அப்படி வைத்தோம். ஒரே ரேடியோ இரு பக்கமும் பேசவேண்டியிருப்பதால் வேகம் பாதியாகும். தவிர, சில பெட்டிகளில் கார்டின் பகிர்வு மேல் நெட்வொர்க்கில் இருப்பவர்களுக்கும் தெரியும். பொது வைஃபையில் இதைச் செய்யமாட்டேன்.

லேப்டாப்பில் தெரியாத பெட்டி

மூன்றாம் நாள் முகாம் அலுவலகத்திலிருந்த அக்கா தன் லேப்டாப்போடு என்னிடம் வந்தார்.

"தம்பி, வைஃபைல சேந்துட்டேன். ஆனா நெட்வொர்க்குல உங்க பெட்டி தெரியவே மாட்டேங்குது."

"பிரவுசரைத் திறங்கக்கா. நான் சொல்ற நம்பரை மேல அடிங்க."

பெட்டியின் ஐபி முகவரியை அடித்ததும் கார்டு திறந்துகொண்டது. விஷயம் இதுதான்: பெட்டி ஃபைல் பகிர்வதற்குப் பேசும் மொழி எஸ்எம்பி-யின் முதல் பதிப்பு. 2017 இறுதியில் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும்போது அது இயல்பாகச் சேர்க்கப்படுவதில்லை. செட்டிங்ஸில் தேடி அதைத் திரும்பக் கொண்டுவரலாம்தான். ஆனால் 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பணயத் தீநிரல் பரவியது அந்தப் பழைய பதிப்பின் ஓட்டை வழியாகத்தான்; அடுத்தவர் லேப்டாப்பில் அதைத் திறந்துவைக்க எனக்கு மனம் வரவில்லை. பிரவுசர் வழி மெதுவானது, அழகில்லாதது. ஆனால் எந்தக் கருவியிலும் வேலை செய்கிறது.

ஆப் பற்றிய என் கவலையும் இதனால் குறைந்தது. இதுபோன்ற பொருள்களின் ஆப் ஒருநாள் ஸ்டோரிலிருந்து காணாமல் போகும். வைஃபை உள்ள எஸ்டி கார்டுகள் செய்த ஐ-ஃபை நிறுவனம், தன் பழைய மாடல்களுக்கான சேவையை 2016-இல் நிறுத்தியது. கார்டுகள் உயிரோடு இருந்தும் வாங்கியவர்கள் திண்டாடினார்கள். பிரவுசரில் திறக்கும் பெட்டிக்கு அந்தக் கதி வராது. வாங்கும்போது நான் கேட்கும் முதல் கேள்வி இப்போது இதுதான்.

பேட்டரி

தம்பி ஒருமுறை பெட்டியில் தன் போனைச் சார்ஜ் போட்டுவிட்டார். அதற்கும் வசதி இருக்கிறது. 6000 எம்ஏஎச் என்பது 3.7 வோல்ட்டில், அதாவது 22 வாட்-மணி. 5 வோல்ட்டாக மாற்றும் இழப்பு போக 19 மிஞ்சலாம். 5000 எம்ஏஎச் போன் ஒன்றே அதை மொத்தமாகக் குடித்துவிடும். அன்று நகல் பாதியில் நின்றது. எஸ்எஸ்டியில் அரைகுறையாக ஒரு ஃபைல், அடுத்து மறுபடி முதலிலிருந்து. அதற்குப் பிறகு போனுக்குத் தனி பவர் பேங்க், பெட்டியின் பேட்டரி பெட்டிக்கு மட்டும்.

நாலாம் நாள்

மாலை 6:10க்குத் தம்பி கார்டைக் கொடுத்தார். பூட்டுப் பொத்தான் கீழே, எஸ்எஸ்டியில் புது ஃபோல்டர், நகல் ஆரம்பம். 31 ஜிபி, 44 நிமிடம். அது முடிந்து எண்ணிப் பார்த்ததும் நான் பிரவுசரிலும் தம்பி ஆப்பிலும் ஆளுக்கொரு ஃபோல்டரைப் பார்த்து 35 ஜேபெக் பொறுக்கி, எட்டு மணிக்குள் அக்காவிடம் சேர்த்தாயிற்று. கார்டு அப்படியே உறையில் போனது, வீடு வரும்வரை அழிக்கவில்லை.

ஒன்று மட்டும் தீரவில்லை. வீட்டுக்கு வந்து எஸ்எஸ்டியை லேப்டாப்பில் மாட்டியபோது ஃபோல்டர்களின் தேதி 1970 ஜனவரி 1 என்று காட்டியது. பெட்டிக்குள் நேரத்தைக் காத்துவைக்கும் கடிகாரம் இல்லை. இணையமில்லாமல் ஆன் ஆகும்போதெல்லாம் லினக்ஸ் தன் பூஜ்யமான அந்தத் தேதியிலிருந்து எண்ண ஆரம்பிக்கிறது. படங்களுக்குள் கேமரா எழுதிய தேதி சரியாகவே இருந்ததால் அதை வைத்தே வரிசைப்படுத்திக்கொண்டோம். அந்த 1970 ஃபோல்டர்கள் இன்னும் அப்படியேதான் கிடக்கின்றன.